‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று நம்மவர் சொல்வதுண்டு. பெரிய ஆபத்து ஒன்று மயிரிழையில் விலகிப்போன வேளையில், நெஞ்சின் படபடப்பு அடங்குமுன்பே வாயில் வந்து நிற்கும் வாசகம் இது. அதைச் சொல்லிவிட்டுக் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தால் காரியம் முடிந்தது. மறுநாள் அதே சாரத்தின்மேல், அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதே மனிதர் நிற்பார். தலைக்கு வந்தது எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து நழுவியது, நாளை மறுபடி வந்தால் தலைப்பாகை இருக்குமா என்று விசாரிப்பவர் நம்மிடையே அரிது. அப்படி விசாரிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட உத்தியோகம் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் ‘சேப்டி ஆபீசர்’ என்று அழைக்கப்படும் பாதுகாப்பு அதிகாரியின் உத்தியோகம் அது.

இந்த உத்தியோகத்தின் விசித்திரம் என்னவென்றால், அதில் சித்தி பெற்றவர் தம் சித்தியை ஒருவருக்கும் காட்ட முடியாது. வைத்தியர் பிழைக்கவைத்த நோயாளி எழுந்து நடந்து ஊருக்குச் சாட்சி சொல்கிறான். பொறியாளர் கட்டிய பாலம் ஆற்றின் குறுக்கே நின்று பேரன் காலம்வரை அவர் பெயரைச் சொல்கிறது. பாதுகாப்பு அதிகாரியிடம் எடுத்துக் காட்டுவதற்கு இருப்பவை, சரியாத மண்ணும், அறுபடாத விரலும், மாலையில் வழக்கம்போல் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய தொழிலாளியுமே. தான் அன்றைக்குத் தப்பினோம் என்பது அந்தத் தொழிலாளிக்கே தெரியாதபோது, அவன் யாருக்கு நன்றி சொல்வான்?

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்பவர் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குச் சொன்னார். ஒரே தன்மையுள்ள 330 சம்பவங்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் 300 காயமே இல்லாமல் கடந்துபோகும், 29 சிறு காயத்தோடு தீரும், ஒன்று பெருங்காயத்தில் முடியும் என்பது அக்கணக்கு. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் அவருடைய எண்களை நம்பத்தக்கவை அல்ல என்று மறுத்திருக்கிறார்கள். மறுப்பில் நியாயமும் உண்டு. ஆனால், காயமின்றிக் கடந்துபோன சம்பவங்களை எண்ணிவைக்கத் தகுந்தவை என்று அவர் கருதினாரே, அந்தச் சிந்தனைதான் இந்தத் தொழிலுக்கு மூலதனமாயிற்று. தலைப்பாகை போனதை நாம் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுகிறோம். பாதுகாப்பு அதிகாரி அதை எச்சரிக்கைக் கணக்கில் எழுதுகிறார்.

இத்தொழிலுக்கு வருகிறவர்கள் யார்? பொறியியல் பட்டமோ பட்டயமோ பெற்று, சில ஆண்டுகள் ஆலைத் தளத்தில் மேற்பார்வை செய்து, அதன்பின் தொழிலகப் பாதுகாப்பில் தனியாக ஒரு பட்டயமும் பெற்றவர்களே பெரும்பாலும் சட்டப்படி தகுதியுடையவர்கள். சென்னைத் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் கல்விநிலையத்தில் இதற்கென்றே பாடத்திட்டம் உண்டு. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின்கீழ் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஸ்தாபனத்தின் கிளை அது. இந்தச் செம்மையான வழிக்குப் பக்கத்திலேயே குறுக்குவழி ஒன்றும் ஓடுகிறது. சில வாரங்களில் சான்றிதழ், அதைக் காட்டினால் வளைகுடா நாட்டில் உத்தியோகம் என்று நம் நகரங்களின் சுவர்களெல்லாம் விளம்பரம் சொல்கின்றன. நிலத்தை அடகு வைத்து அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, பாலைவனத்து வெயிலில் பச்சை ஹெல்மெட்டுடன் நின்று குடும்பத்தை நிமிர்த்திய பிள்ளைகள் நம் கிராமங்களில் அநேகர்; அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆயினும், அபாயத்தை இனங்காணும் கண், அதனோடு பல ஆண்டு பழகியபின்பே திறக்கிறது. சாரம் ஒருமுறையேனும் கட்டிப் பார்க்காதவர் சாரத்தின் முடிச்சைப் பார்த்து என்ன சொல்வார்?

அந்தக் கண் என்ன காண்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் பவர் பிரஸ் என்னும் யந்திரம் உண்டு. தகட்டை உள்ளே வைத்து விசையை அழுத்தினால், பல டன் பாரத்தோடு அச்சு இறங்கித் தகட்டை வடிவமாக்கும். கை உள்ளே இருந்தால் கையையும் வடிவமாக்கும். ஆகவே, இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும்படி யந்திரத்தைச் செய்துவைத்தார்கள். இரண்டு கையும் வெளியே இருக்கும்போது விரல் போவதற்கு வழியில்லை. ஆனால், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை உருப்படி என்று கணக்குக் கேட்கும் இடத்தில், ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிட்டு, ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறுகையால் தகட்டை மாற்றினால் வேலை விரைகிறது. ஒட்டியவன் தொழிலாளி, ஒட்டியதைக் கண்டும் காணாமல் போனவர் சூப்பர்வைசர், உருப்படிக் கணக்கை உயர்த்தியவர் மேலாளர். விரல் போன பிறகு விசாரணை நடக்கும்போது, ‘தொழிலாளியின் அஜாக்கிரதை’ என்னும் இரண்டு சொற்களில் கதை முடிந்துவிடுகிறது. தேர்ந்த பாதுகாப்பு அதிகாரி அந்த இரண்டு சொற்களில் திருப்தியடையமாட்டார். டேப்பைப் பிரிப்பதோடும் நிற்கமாட்டார். எந்தக் கணக்கு அந்த டேப்பை ஒட்டச் சொல்லிற்று என்று தேடிக்கொண்டு மேலாளரின் அறைவரை போவார்.

இத்தொழிலின் சாஸ்திரம் இதற்கு ஒரு வரிசைமுறை வகுத்திருக்கிறது. அபாயத்தை அடியோடு நீக்க முடியுமானால் நீக்கு. முடியாவிட்டால் அபாயம் குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வை. அதுவும் இயலாவிட்டால் மனிதனுக்கும் அபாயத்துக்கும் இடையே தடுப்பு எழுப்பு. அதன் பின்னரே விதியும் பயிற்சியும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தலைக்கவசமும் கையுறையும். நம் நாட்டில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நிற்கிறது. ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தாயிற்று என்பதே பாதுகாப்பின் ஆரம்பமாகவும் முடிவாகவும் இருக்கிறது. ஏனெனில், ஹெல்மெட் மலிவு, யந்திரத்தை மாற்றுவது செலவு. அதைக்காட்டிலும் மலிவானது உபதேசம். மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் ஜாக்கிரதையாயிருக்கும்படி உபதேசிக்காத ஸ்தாபனம் ஒன்றுகூட இல்லை.

பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி வட்டாரத்தைப் பாருங்கள். அங்கே அபாயத்தைப் பற்றிய ஞானத்துக்குக் குறைவில்லை. மருந்து கலக்கும் அறைக்கும் மருந்து செலுத்தும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம், ஓர் அறையில் இத்தனை பேருக்குமேல் கூடாது, கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு மிச்சம் வைக்கலாகாது என்பனவற்றை அங்கே பத்தாம் வகுப்புத் தாண்டாத தாய்மார்களும் ஒப்பிப்பார்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரைப் பலிகொண்ட வெடிவிபத்தும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவையும், தெரியாமையால் நேர்ந்தவை அல்ல. தீபாவளி நெருங்குகிறது, ஆர்டர் நிற்கிறது, உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டுவிட்டார், நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பலர் இருக்கிறார்கள், அறைக்குள் இடம் போதாமல் மரத்தடியில் வேலை நடக்கிறது. இவையெல்லாம் போர்மேனின் கண்ணெதிரே நடக்கின்றன. அவருக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள். அவர் வாய் திறந்து ‘இன்றைக்கு வேலை வேண்டாம்’ என்று சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கு வேறொருவர் போர்மேனாக இருப்பார். அவ்வளவுதான்.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம் தொடங்குகிறது. பெருவிபத்துக்களின் வரலாற்றைப் புரட்டுகிறவர்களுக்கு ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வரப்போவதை அறிந்தவர் ஒருவர் பெரும்பாலும் அங்கே இருந்திருக்கிறார். அவர் சொல்லியும் இருக்கிறார். நிறுத்தும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவு, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் எண் தொட்டியில் ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. அதைக் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டிய குளிர்பதனச் சாதனம் பல மாதங்களாக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம், குழாய் ஒன்று பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தமையால் உதவாமல் நின்றது. வாயுவைக் கழுவி அடக்க வேண்டிய சாதனம், அன்று பீறிட்ட அளவைத் தாங்குமாறு அமைக்கப்படவே இல்லை. தொட்டிக்குள் நீர் புகுந்தது. விடிவதற்குள் நகரம் மயானமாயிற்று. இவையனைத்தும் ஒரே இரவில் பழுதானவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில், ஒவ்வொருவர் கையெழுத்தோடு, சிக்கனத்தின் பெயராலோ தாமதத்தின் பெயராலோ நிகழ்ந்தவை. தாய் நிறுவனத்திலிருந்து வந்த குழுவினர் 1982-இலேயே ஆலையைச் சோதித்துக் குறைகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்னும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஊருக்கு வரப்போகும் கேட்டைப் பத்திரிகையில் எழுதி எழுதிப் பார்த்தார். அறிவு இருந்தது; அறிக்கை இருந்தது; எச்சரிக்கை இருந்தது. இத்தனை காவலும் விழுந்து கிடக்கும்போது இந்த ஆலை ஓடலாகாது என்று ஆணையிட ஒருவர் இல்லை.

ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1988 ஜூலை 6-ஆம் நாள் இரவு, ஸ்காட்லாந்தை அடுத்த வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்னும் எண்ணெய் மேடை தீப்பற்றி 167 பேர் மாண்டனர். பழுதுபார்ப்பு வேலை எதுவாயினும் ‘வொர்க் பெர்மிட்’ என்னும் எழுத்துமூலமான அனுமதிச்சீட்டு இல்லாமல் செய்யலாகாது என்பது அங்கே விதி, சீட்டும் இருந்தது. பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியவர்கள், வேலை முடியாமையால் அந்த வாயைத் தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள்; அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்குச் சென்று சேரவில்லை; இரவில் மற்றொரு பம்பு நின்றுபோகவே, கழற்றிய பம்பை இயக்கினார்கள். இதுவரை பலரும் அறிந்த கதை. அதைவிடக் கொடியது பின்னர் நடந்தது. மேடை எரிவதைத் தொலைவிலிருந்து கண்ட பின்னரும், குழாயால் இணைக்கப்பட்டிருந்த அண்டை மேடைகள் தங்கள் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. மேலிடத்தின் உத்தரவில்லாமல் நிறுத்துவதற்குத் தயங்கினார்கள். எரிகிற வீட்டுக்குள் எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது. விசாரித்த நீதிபதி கல்லன் பிரபு 1990-இல் அளித்த அறிக்கை, இன்று உலகெங்கும் இத்தொழிலுக்கு வருகிறவர்களின் பாடப்பொருளாக இருக்கிறது. நம் ஆலைகளிலும் பெர்மிட் புத்தகங்கள் இருக்கின்றன; ஒரு வாரத்துச் சீட்டுகளைத் திங்கட்கிழமை காலையிலேயே மொத்தமாகக் கையெழுத்திட்டு வைத்துவிடும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அத்தகைய சீட்டு, விபத்துக்குப் பின் காட்டுவதற்குப் பிரயோஜனப்படும். விபத்தைத் தடுப்பதற்குப் பிரயோஜனப்படாது.

நம் சட்டம் இந்த அதிகாரியைப் பற்றி என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 40-பி என்னும் பிரிவு, 1,000 பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் ஆலைகளிலும், அபாயம் மிகுந்தவை என்று மாநில அரசு கருதும் ஆலைகளிலும் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வழிசெய்தது. போபாலுக்குப் பின், 1987-இல், அபாயகரமான தொழில்முறைகளுக்கென்று தனி அத்தியாயமே சேர்ந்தது. இவற்றின்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் பாராட்டத்தக்கவை பல. தலைமைப் பாதுகாப்பு அதிகாரிக்கு மூத்த நிர்வாகியின் அந்தஸ்து வேண்டும், அவர் ஆலையின் தலைமை நிர்வாகிக்கு நேராகக் கட்டுப்பட்டவராயிருக்க வேண்டும், தம் கடமைக்குப் புறம்பான வேறு வேலைகளை அவர்மேல் சுமத்தலாகாது என்றெல்லாம் அவை கூறுகின்றன. ‘சேப்டி’யையும் ‘செக்யூரிட்டி’யையும் ஒன்றாக எண்ணி, கேட் பாஸும் கேண்டீனும் பஸ் வசதியும் அவர் தலையிலேயே கட்டிவிடும் ஸ்தாபனங்கள் இந்த விதியை ஒருமுறை வாசித்தால் நலம்.

ஆனால், அதே விதிகளில் அவருடைய கடமைகளை அடுக்கும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். ஆலோசனை கூறுவார், உதவுவார், ஆய்வு செய்வார், விசாரிப்பார், பதிவேடுகளைப் பேணுவார், பிரசாரம் செய்வார். நிறுத்துவார் என்ற சொல்லை அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மந்திரிக்கு ஆலோசனை சொல்லும் உரிமை உண்டு, அரசனுக்கு அதைக் கேளாதிருக்கும் உரிமையும் உண்டு என்பது பழைய ராஜ்ய நியாயம். அந்த நியாயத்தையே யந்திரங்களின் உலகிலும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆலோசனையைக் கேளாத அரசன் தன் ராஜ்யத்தை இழந்தான். ஆலோசனையைக் கேளாத மேலாளரோ பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை. இழப்பவன் வேறொருவன்.

இதற்கு மாறான முன்மாதிரி நம் நாட்டிலேயே இல்லையா என்றால், இருக்கிறது. ரயில் பாதையில் மழைக்கால இரவுகளில் ரோந்து செல்லும் கேங்மேனை எண்ணிப் பாருங்கள். ரயில்வேயின் படிக்கட்டில் கடைசிப் படியில் நிற்பவர் அவர். தண்டவாளத்தின்கீழ் மண் அரித்திருப்பதைக் கண்டால், பொது மேலாளரைக் கேட்கவேண்டியதில்லை, கோட்ட அலுவலகத்துக்கு மனுப்போட வேண்டியதில்லை; கையிலுள்ள சிவப்பு விளக்கைக் காட்டினால் ஆயிரம் பேரைச் சுமந்துவரும் எக்ஸ்பிரஸ் அவர் முன்னே நின்றாக வேண்டும். 1956 நவம்பர் 23-ஆம் நாள் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தையும், அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்ததையும் அறிந்த தமிழர்களுக்கு அந்தச் சிவப்பு விளக்கின் விலை தெரியும். இன்னும் ஒன்று: ரயில் பாதைகளின் பாதுகாப்பைச் சோதித்து, புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓட அனுமதி தரும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின்கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருக்கிறார். ரயிலை ஓட்டுகிறவர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு ரயிலை நிறுத்தச் சொல்வது கடினம் என்பதை உணர்ந்தவர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது.

நிலக்கரிச் சுரங்கத்திலும் அப்படித்தான். அங்கே சர்தார் என்று ஒரு பதவி உண்டு. பெயரைக் கேட்டு யாரோ பெரிய மனிதர் என்று எண்ண வேண்டாம், நிலத்தடியில் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சிறு பதவிதான். தம் பகுதியில் அபாயம் கண்டால், ஆட்களை வெளியேற்றி, அங்கே ஒருவரும் புகாதபடி வழியை அடைப்பது அவருக்குச் சட்டம் விதித்த கடமை. பரீட்சை எழுதி, தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் சான்றிதழ் பெற்றே அவர் அந்த இடத்தில் நிற்கிறார். அதிகாரம் கொடுத்துவிட்டால் விபத்தே நேராது என்று நான் வாதிக்கவில்லை. 1975 டிசம்பர் 27-இல் சாஸ்னாலாச் சுரங்கத்தில், கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தின் நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 370-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது, சர்தார்கள் இருந்த காலத்திலேதான். அதிகாரத்தோடு அறிவும், அறிவோடு சரியான வரைபடமும் சேர்ந்திருக்க வேண்டும். ஆயினும், பாதையிலே கேங்மேனுக்கும் நிலத்தடியிலே சர்தாருக்கும் உள்ள உரிமை, பொறியியல் பட்டமும் பாதுகாப்புப் பட்டயமும் பெற்று ஆலைத் தளத்தில் நிற்பவருக்கு இல்லை என்பது விந்தையா, வேதனையா என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. அது அற்பமான வாதமும் அன்று. பாதுகாப்பு என்பது உற்பத்தியை நடத்துகிறவரின் பொறுப்பு. அதைத் தனி அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், போர்மேனும் மேலாளரும் ‘அது அவர் வேலை’ என்று கையைக் கழுவிவிடுவார்கள். ஆகவே அவர் ஆலோசகராயிருப்பதே முறை என்பது அது. பிரிட்டனில் ராபன்ஸ் பிரபுவின் குழு 1972-இல், அபாயத்தை உண்டாக்குகிறவர்களும் அதனோடு வேலை செய்கிறவர்களுமே அதற்குப் பொறுப்பாளிகள் என்று சொன்னதிலும் இந்த நியாயம் அடங்கியிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ரயிலை ஓட்டும் பொறுப்பு டிரைவருடையது என்பதனால் கேங்மேனின் விளக்கைப் பிடுங்கிவிட்டோமா? பாதுகாப்பு அதிகாரி ஆலையை நடத்த வேண்டியதில்லை. உயிருக்கு உடனடியான அபாயம் என்று அவர் கண்ட இடத்தில், காரணத்தை எழுதி, அந்த ஒரு யந்திரத்தை அல்லது அந்த ஒரு வேலையை நிறுத்தட்டும். நிறுத்தியதைத் திரும்ப ஓட்டச் சொல்ல விரும்பும் தலைமை நிர்வாகி, தாமும் காரணத்தை எழுதி, தம் பெயரிட்டுக் கையெழுத்துப் போட்டு ஓட்டச் சொல்லட்டும். பொறுப்பு அப்போது யாரிடமிருந்தும் நழுவுவதில்லை. இன்னாருடையது என்று காகிதத்தில் நிலைத்து நிற்கிறது. வாய்மொழியாக ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று சொல்வது எவருக்கும் எளிது. ஒரு மனித உயிருக்குப் பிணையாகக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு கடினம் என்பதை, அந்தப் பேனாவை எடுக்கும் நிமிஷத்தில் அவர் உணர்வார். பாதி விபத்துக்கள் அந்த நிமிஷத்திலேயே தவிர்ந்துபோம் என்பது என் நம்பிக்கை.

2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பாதுகாப்பு அதிகாரி இருக்க வேண்டிய ஆலைகளின் வரம்பை 1,000 பேரிலிருந்து 500 பேராக இறக்கி, அபாயகரமான தொழில்முறை நடக்கும் இடங்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் 250 பேர், சுரங்கங்களுக்கு 100 பேர் என்று வகுத்திருக்கிறது, இது நன்று. ஆனால், விசை கொண்டு இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த இலக்கணத்தை அதே சட்டம் 20 பேராக உயர்த்தியிருக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை திரும்ப வாங்கிக்கொள்வது போல இருக்கிறது இது. விரல் போகும் பட்டறைகளும், விஷவாயு தங்கும் தொட்டிகளும் ஆள் எண்ணிக்கையில் சிறிய இடங்களிலேதான் மிகுதி. கழிவுநீர்க் குழியில் இறங்கி மாண்டவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. கண்கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரத்துக்கு விலை கூடியிருக்கிறதேயொழிய, குழிக்குள் முதலாமவர் மயங்கியதும் அவரைத் தூக்க இரண்டாமவரும் மூன்றாமவரும் இறங்கி மாளும் துர்ப்பாக்கியம் தீரவில்லை. இறங்காதே என்று தடுக்க மேட்டிலே ஒருவர் வேண்டும். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற பழக்கமும் வேண்டும்.

இங்கே மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதுகாப்பு அதிகாரிக்கு அந்த வட்டாரத்துத் தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் பாஷையில் போதிய ஞானம் இருக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதிய காலத்தில் நம் மாகாணத்துக்கு அது தமிழ். ஆங்கிலம் மட்டும் தெரிந்த அதிகாரி தமிழ்த் தொழிலாளிக்குப் புரியாத பாஷையில் எச்சரிக்கலாகாது என்பதே கருத்து. இன்று நம் கட்டட வேலைகளில் சாரத்தின்மேல் நிற்பவர் பெரும்பாலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர். ‘அபாயம்’ என்று தமிழில் எழுதிய பலகை அவருக்குச் சிவப்புக் கோலமாகத்தான் தெரியும். அன்றைக்குத் தமிழருக்காக எழுதிய விதியின் நியாயம், இன்றைக்கு நம்மிடம் பிழைக்கவந்த அவருக்கும் உரியது அல்லவா? வளைகுடாவில் அரபு மொழிப் பலகையின்கீழ் தன் பிள்ளை நிற்பதை எண்ணிக் கவலைப்படும் தாய் நம் ஊரில் இருக்கிறாள். அவளுக்கு இது விளங்கும்.

ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் நாளைத் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். 1966-இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் தோன்றிய நாள் அது. உறுதிமொழி எடுப்பதும், வாசகப் போட்டி வைப்பதும், பரிசு கொடுப்பதும் தவறல்ல. ஆனால், ஆலை வாசலில் ‘விபத்தின்றி இத்தனை நாட்கள்’ என்று எழுதிய பலகையை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். அந்த எண் வளர வளர, அதைக் காப்பாற்றும் ஆசையும் வளர்கிறது. சிறு காயம் பட்டவனைப் பின்வாசல் வழியே தனியார் வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு, எண்ணை மறுநாள் ஒன்று கூட்டும் சபலம் எந்த நிர்வாகத்துக்கும் எழக்கூடும். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கலாம்: ‘இந்த ஆண்டில் அபாயம் கண்டு வேலையை நிறுத்தியது இத்தனை முறை’ என்று. அந்த எண் பூஜ்யமாக இருக்கும் ஆலைக்குள் வேலைக்குப் போகத் தயங்குங்கள் என்றே இளைஞர்களுக்குச் சொல்வேன்.

இத்தொழிலைத் தேர்ந்துகொள்ள எண்ணும் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுவே. ஊதியம் உண்டு, வெளிநாட்டு வாய்ப்பு உண்டு, உலகம் யந்திரமயமாக ஆக இதற்குத் தேவையும் பெருகும்; அவையெல்லாம் உண்மை. அவற்றோடு, உங்களுக்குச் சம்பளம் தருகிறவர் முகம் சுளிக்கும்படி ஒரு நாள் பேச வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. அந்த நாளுக்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு வாருங்கள். ஆனால், தனிமனிதரின் தைரியத்தை நம்பி ஆயிரம் உயிர்களை வைப்பது நல்ல ஆட்சிக்கு அழகாகாது. விதி செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையினர் மூன்று காரியங்களைச் செய்யட்டும்: உடனடி அபாயம் கண்ட வேலையை நிறுத்தும் உரிமையைப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத்தில் தரட்டும், அதைத் திரும்ப ஓட்டுகிறவர் கையெழுத்தைக் கட்டாயமாக்கட்டும், பாதுகாப்பு அதிகாரியை வேலையைவிட்டு நீக்கும் நிர்வாகம் அதற்குரிய காரணத்தைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று விதிக்கட்டும். இதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை. பெரும் பணமும் வேண்டியதில்லை. கேங்மேனுக்குக் கொடுத்த விளக்கை இவருக்கும் கொடுங்கள் என்பதுதான் விண்ணப்பம்.